ஏரியில் சின்ன மீன் கூட்டம் கூட்டமாகத் தெரிகிறது, ஆனால் பெரிய மீன் கடிக்கவில்லையே, ஏன்?

தண்ணீருக்குள் இருக்கும் மீனைத் திரையில் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் புதிதாக வாங்கியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். திரை முழுக்கச் சின்ன மீன், தூண்டிலை மட்டும் ஒன்றும் தொடவில்லை, சரியா? மெஷினில் பிழை இல்லை. பெரிய மீன் பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். அதற்கு வயிறு நிறைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

நான் மீன்வளம் படித்தவன் இல்லை. கனடாவின் ஸ்காபரோவில் இருந்துகொண்டு ஒன்ராறியோ ஏரியிலும், முன்பு ஹியூரன் ஏரியிலும் சால்மன் பிடித்துத் திரிந்தவன். "படிக்காதவனுக்கு ஏன் இந்தக் கதை" என்பவர்கள் தாராளமாகக் கடந்து போகலாம்.

இந்த ஏரிகளில் சினூக் சால்மனுக்கு முக்கியமான சாப்பாடு ஏல்வைஃப் என்ற சின்ன மீன். நம் ஊர்ச் சூடைக்குத் தூரத்து உறவு. கடலில் வாழ்ந்தது, கால்வாய் வழியாக ஹியூரன், மிச்சிகன் போன்ற மேல் ஏரிகளுக்குள் ஏறிவிட்டது. அங்கே அதைத் தின்றிருக்க வேண்டிய லேக் ட்ரௌட்டை லாம்ப்ரே என்ற ஒட்டுண்ணியும் அந்தக் காலத்து வணிக வலைகளும் சேர்ந்து முன்பே ஏறக்குறைய முடித்திருந்தன. தின்ன ஆளில்லாமல் பெருகி, 1967 இல் மிச்சிகன் ஏரிக்கரை முழுக்கச் செத்து ஒதுங்கி நாறியது. இந்த ஏல்வைஃபைத் தின்ன வைக்கத்தான் மிச்சிகன் மாநிலம் 1966 இல் கோஹோ என்ற இன்னொரு வகைச் சால்மனையும் 1967 இல் சினூக்கையும் பசிபிக் பக்கத்திலிருந்து கொண்டுவந்து விட்டது. சின்ன மீன் போனால் சால்மனும் போகும் என்பது அன்றைக்கே எழுதியாகிவிட்டது.

ஹியூரனில் அதுதான் நடந்தது. கோட்ரிச் பக்கம் நாங்கள் போய்வந்த காலத்தில், பிடித்த சினூக்கின் வயிற்றைக் கீறினால் பாதி செரித்த ஏல்வைஃப் வெள்ளி வெள்ளியாகக் கொட்டும். பிறகு ஒரு கட்டத்தில் மீன் நன்றாகவே கடித்தது, ஆனால் தலை பெரிதாகவும் உடம்பு ஒட்டியும் வந்தது. குடலைத் திறந்தால் பித்தநீர் மட்டும். பசியில் எதைக் காட்டினாலும் பாய்ந்திருக்கிறது. எங்களுக்கோ கொண்டாட்டம். 2003, 2004 வாக்கில் ஏல்வைஃப் அடியோடு சரிந்தது, அதன் பின்னாலேயே சினூக்கும்.

அப்போதுதான் படகுத்துறையில் ஒருவர் என் வாளியை எட்டிப் பார்த்துவிட்டு, "உங்கள் ஆட்கள்தான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறீர்கள்" என்றார். அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை, இங்கே சொல்கிறேன். அளவுக்கு மேல் பிடிப்பவர்கள் எல்லா இனத்திலும் உண்டு, நம்மவர்களிலும் உண்டு, அவர்களுக்காக நான் வாதாட வரவில்லை. ஆனால் ஹியூரனை வெறுமையாக்கியது தூண்டில் தடி இல்லை. கருங்கடல் பக்கத்திலிருந்து கப்பல்களில் வந்த குவாகா, சீப்ரா மட்டிகள் தண்ணீரை வடிகட்டி ஏல்வைஃபின் உணவைப் பறித்தன. ஆற்றில் தானாகவே பிறந்த சினூக் மேலும் மேலும் பெருகி மிச்சத்தைத் தின்றது. கடுங்குளிரும் சேர்ந்துகொண்டது.

இன்னொன்று, ஏல்வைஃப் போனதும் ஏரி செத்துவிடவில்லை. ஏல்வைஃப் வால்ஐ என்ற மீனின் குஞ்சுகளைத் தின்றுகொண்டிருந்தது. அது ஒழிந்ததும் சாகினா விரிகுடாவில் வால்ஐ பெருகியது. ஏல்வைஃபையே தின்றுவந்த லேக் ட்ரௌட்டுக்கு வைட்டமின் பி1 குறைந்து அதன் குஞ்சுகள் செத்துக்கொண்டிருந்தன. அதுவும் மாறி, இப்போது ட்ரௌட் அடியில் கிடக்கும் கோபி மீனைத் தின்று வாழ்கிறது. சினூக்குக்கு அப்படிக் கிடைத்ததைத் தின்னும் பழக்கம் இல்லை.

ஒன்ராறியோ ஏரியில் 2013, 2014 இல் பிறந்த ஏல்வைஃப் குறைவு என்று 2017 இல் சினூக் குஞ்சு விடுவதை 20 சதவீதம் குறைத்தார்கள். "லைசென்ஸ் காசு கட்டுகிறோம், மீனைக் குறைக்கிறார்களே" என்று ஒரே கூச்சல். ஹியூரனைப் பார்த்தவனுக்கு அந்தக் கூச்சல் எரிச்சல்தான்.

எரிச்சல் என்றதும் நினைவு வருகிறது. "ஏரி மீன் வெடுக்கு" என்று முகம் சுளிக்கும் சொந்தக்காரர்களேதான் வெள்ளிக்கிழமை இரவு போன் எடுத்து, "நாளைக்குப் போறீங்களோ? முள்ளெடுத்துத் துண்டாகத் தாங்கோ" என்பார்கள். செதில் கழுவ ஒருவரும் வந்ததில்லை. சரி, அது வேறு கதை.

உங்கள் விஷயத்துக்கு: சின்ன மீன் கூட்டத்தின் நடுவில் தூண்டிலை இழுக்காதீர்கள், ஓரத்திலும் அடியிலும் இழுங்கள். விடியும் நேரம் நல்லது. சினூக் ஏறக்குறைய 10 முதல் 12 டிகிரித் தண்ணீரைத் தேடும், ஆகவே ரொறன்ரோ கரையில் வடமேல் காற்று சூடான மேல்தண்ணீரைத் தள்ளிவிட்ட பிறகு போய்ப் பாருங்கள். முதல் மீன் கிடைத்ததும் வயிற்றைக் கீறி, உள்ளே இருப்பதன் நீளத்துக்கு ஸ்பூனை (தூண்டிலில் கட்டும் மின்னும் தகட்டு இரையை) மாற்றுங்கள். உள்ளே ஒன்றுமே இல்லாமல், மீனும் மெலிந்து, கடி மட்டும் அமோகமாக இருந்தால் எனக்கு ஒரு செய்தி போடுங்கள்.