மேக்கில் திறக்கிறது, ஆனால் எழுத விடமாட்டேன் என்கிறது

கேள்வி: விண்டோஸில் பல வருடமாகப் பயன்படுத்திய 2 டிபி எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க்கைப் புதிய மேக்கில் செருகினேன். படம், வீடியோ எல்லாம் திறக்கிறது. ஆனால் ஒரு ஃபைலைக்கூட அதில் காப்பி செய்ய முடியவில்லை. டிஸ்க் பழுதா? லினக்ஸ் லேப்டாப்பும் வைத்திருக்கிறேன். மூன்றிலும் பயன்படுத்த வழி உண்டா?

பதில்: டிஸ்க்கில் கோளாறு இல்லை. அது என்டிஎஃப்எஸ் (டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் ஒரு முறை) முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கும். மைக்ரோசாஃப்ட் 1993-ல் விண்டோஸ் என்டியோடு கொண்டுவந்த முறை அது. மேக் அதைப் படிக்கும், எழுதாது. லினக்ஸில் இரண்டுமே நடக்கும். மேக்கில் படிப்பது மட்டும் போதும் என்றால் எதையும் மாற்றாமல் விட்டுவிடுங்கள்.

எழுதவும் வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு ஃபார்மேட் முறைதான் சரி. விண்டோஸும் மேக்கும் கூடுதல் மென்பொருள் இல்லாமலே அதில் படிக்கும், எழுதும். லினக்ஸில் 2019-ல் வந்த 5.4 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) ஆதரவு உள்ளேயே இருக்கிறது. பழைய ஃபேட்32-உம் எல்லாவற்றிலும் ஓடும்தான். ஆனால் 4 ஜிபி அளவுள்ள ஒரு ஃபைலைக்கூட அது ஏற்காது. வீடியோ வைத்திருப்பவருக்கு உதவாது.

ஃபார்மேட் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும். உள்ளே இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு என்டிஎஃப்எஸ்ஸை எக்ஸ்ஃபேட்டாக மாற்றும் வசதி விண்டோஸில் கிடையாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள்; அங்கே சில பெரிய ஃபைல்களைத் திறந்தும் பாருங்கள். அப்புறம் விண்டோஸில் அந்த டிரைவை ரைட் கிளிக் செய்து, 'ஃபார்மேட்' போய், எக்ஸ்ஃபேட்டைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

எக்ஸ்ஃபேட்டுக்கு ஒரு பலவீனம் உண்டு. என்டிஎஃப்எஸ், மேக்கின் ஏபிஎஃப்எஸ் போன்றவை பாதியில் மின்சாரம் போனாலும் தங்கள் அமைப்பு குலையாமல் மீள்வதற்கான ஏற்பாட்டோடு வருகின்றன. எக்ஸ்ஃபேட்டில் அது இல்லை. காப்பி ஓடும்போது கேபிளைப் பிடுங்கினால் அந்த ஒரு ஃபைல் மட்டுமல்ல, சில சமயம் ஃபோல்டர் பட்டியலே சிதையும். 'இஜெக்ட்' கொடுக்காமல் எடுக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். இந்தக் காரணத்தால், ஒரே பிரதியாக இருக்கும் குடும்பப் படங்களை எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் மட்டும் வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கணினிக்குக் கணினி ஃபைல் கொண்டுபோக அது நல்லது, பெட்டகமாக வைத்துக்கொள்ள அல்ல.

மேக்கின் டைம் மெஷின் பேக்கப்பும் எக்ஸ்ஃபேட்டில் நடக்காது. அதற்குத் தனி டிஸ்க் வாங்குவதே நிம்மதி. ஒரே டிஸ்க்கை இரண்டு பார்ட்டிஷனாகப் பிரித்து ஒன்றை ஏபிஎஃப்எஸ் ஆக்கலாம்தான். ஆனால் அதை விண்டோஸில் செருகினால் புரியாத பகுதியைப் பார்த்து, "ஃபார்மேட் செய்யவா?" என்று கேட்கக்கூடும். அவசரத்தில் யாராவது சரி என்று அழுத்தினால் பேக்கப் காலி. அப்படிக் கேட்டால் 'கேன்சல்' மட்டும்தான் பதில்.

இன்னொன்று: மேக்கிலோ லினக்ஸிலோ கேள்விக்குறி, முக்காற்புள்ளி போட்டுப் பெயர் வைத்த ஃபைல்கள் இருந்தால், காப்பி செய்யும் முன் அந்தக் குறிகளை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் அவற்றைப் பெயரில் அனுமதிக்காது.