அருவாமனையும் பெரியம்மாவும்

அன்புள்ள ஐயா,

நான் வண்ணாரப்பேட்டைக்காரன். 18 வருடமாக டெக்சாஸில் இருக்கிறேன். இங்கே 2021 முதல் பெரும்பாலானவர்கள் உரிமம் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம். என் வீட்டிலும் இரண்டு இருக்கின்றன, எண் பூட்டு போட்ட பெட்டியில். மகனுக்கு 16 வயது, சுடக் கற்றுக்கொடுத்திருக்கிறேன். துப்பாக்கியைப் பற்றி எழுதும்போதெல்லாம் நீங்கள் பழியைக் கருவி மேல் போடுகிறீர்கள். நம்ம ஏரியாவில் கத்தியால்தானே வெட்டிக்கொள்கிறார்கள்? கத்தியைத் தடை செய்துவிடலாமா? செய்தவன்தானே பொறுப்பு?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

செய்தவன்தான் பொறுப்பு. இதில் உங்களோடு எனக்குச் சண்டையே கிடையாது. நம்ம ஏரியாவில் அதை ஒத்துக்கொள்ளத்தான் ஆள் இல்லை. ‘சம்பவம் ஆயிடுச்சு’ என்பார்கள். ‘கத்தி பட்டுடுச்சு’, ‘போதைல இருந்தான்’ என்பார்கள். ‘நான் வெட்டினேன்’ என்று ஒருத்தன் வாயால் நான் கேட்டதில்லை. செய்தவனை ஒளித்துவைக்கத் தமிழில் வினைச்சொல்லிலேயே இடம் இருக்கிறது. புழல் ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு மாலை போடுகிற கெத்து வேறு.

கத்திக்கும் நம்மிடம் விதி உண்டு. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுதக் கணக்கில் வந்துவிடும். வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்குச் செய்த கத்திக்கு விலக்கு. துப்பாக்கியை வைத்து வெங்காயம் நறுக்க முடியாதே! அதனால் 1959ஆம் வருடச் சட்டப்படி காரணம் சொல்லி உரிமம் வாங்க வேண்டும். தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள்.

கையில் ஒன்று இருந்தால் தப்பித்துவிடலாம் என்பதிலும் எனக்குச் சந்தேகம்தான். 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங்கைச் சூழ்ந்து வெட்டிக் கொன்றார்கள். அவரிடம் உரிமத்தோடு துப்பாக்கி இருந்தது.

என் பெரியம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். பெரியப்பா குடித்துவிட்டு வருகிற நாளில், பொழுது சாய்ந்ததுமே அருவாமனையைக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிடுவார். விடிகாலை ஏலத்துக்குக் கிளம்பும்போது திரும்ப வாங்கிக்கொள்வார். அந்த வீட்டுக்காரம்மா ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை. நான்தான் சின்னப் பையன், கேட்டுவிட்டேன்.

‘பெரிப்பா வெட்டிடுவாருன்னு பயமா பெரிம்மா?’

‘அவரு எங்கடா வெட்டப் போறாரு, நிக்கவே முடியாது. எனக்குக் கோவம் வந்துட்டா?’

நீங்கள் பொறுப்பு என்று எழுதியதும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்த அருவாமனைதான். அவர் யார் மேலும் பழி போடவில்லை, இரும்பின் மேலும் போடவில்லை. தன் கோபத்தின் அளவு அவருக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

கத்தியை ஓங்கினவன் கையை நாலு பேர் பிடிக்கலாம். வெட்டுப்பட்டவனை ஆட்டோவில் போட்டு ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு ஓடலாம், பிழைத்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். துப்பாக்கி அந்த அவகாசத்தைப் பெரும்பாலும் தருவதில்லை. உங்கள் நாட்டில் 2021இல் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000க்கும் மேல். அதில் பாதிக்கு மேல் தற்கொலை. அந்த வீடுகளில் திருடனும் வரவில்லை, எதிரியும் வரவில்லை.

மகனுக்குச் சுடக் கற்றுக்கொடுத்ததை எழுதியிருக்கிறீர்கள். பெட்டியின் எண் அவனுக்குத் தெரியுமா என்று எழுதவில்லையே?