கிடைக்காத பாகங்களைத் தேடுவது: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

1953இல் தயாரான பிரிட்டிஷ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். பல வருடங்கள் ஷெட்டிலேயே நின்ற வண்டி. எஞ்சின் சுற்றுகிறது. ஆனால் முன் சக்கரத்தின் ஹப் பேரிங், பின் பிரேக்கை அழுத்தும் வீல் சிலிண்டர், இடது கதவின் கைப்பிடி மூன்றும் எங்கே கேட்டாலும் இல்லை. "இந்த மாடலுக்கு இனி எதுவும் வராது" என்கிறார்கள். ஒருவர் மட்டும் கைப்பிடியின் படத்தை அனுப்பி முன்பணம் கேட்கிறார். பாகங்கள் வருவதற்குள் பாடி வேலையை முடித்துவிடலாம் என்கிறார் பெயிண்டர். கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் 'சில்' என்ற தகட்டுப் பகுதி இரண்டு பக்கமும் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது. எதில் தொடங்குவது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

காரின் பெயரைச் சொல்லித் தேடுகிறீர்கள், அதனால்தான் எங்கும் இல்லை என்கிறார்கள். அந்தக் காலத்துக் கார் கம்பெனிகள் பல பாகங்களை வெளியில்தான் வாங்கின. பிரேக் லாக்ஹீடு அல்லது கெர்லிங், மின்சாமான்கள் லூகாஸ், கார்புரேட்டர் சோலெக்ஸ், ஜெனித், எஸ்.யூ. உங்கள் வீல் சிலிண்டரே வேறொரு கம்பெனியின் வேனிலும் இருக்கலாம். ஆகவே பாகத்தின் எண்ணையும் அளவையும் சொல்லித் தேடுங்கள்.

பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, வளையத்தின் முகப்பைப் பாருங்கள். 6205 என்று இருந்தால் கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்குங்கள். உள்விட்டம் 25 மி.மீ.; வெளிவிட்டம் 52, அகலம் 15. எல்.ஜே., எம்.ஜே. என்று தொடங்கினால் அது அங்குல அளவாகவும் இருக்கலாம். எண் தேய்ந்து போயிருந்தால் இந்த மூன்றையும் வெர்னியரால் அளந்து பேரிங் கடையில் கேளுங்கள், கார் கடையில் வேண்டாம். அளவு பொருந்தினாலும் வகையையும் பாருங்கள். வளையத்தின் ஒரு பக்கத்து விளிம்பு மட்டும் தாழ்ந்திருந்தால் அது ஆங்குலர் காண்டாக்ட் பேரிங். அந்த இடத்தில் சாதாரண பால் பேரிங்கைப் போட்டால் வளைவுகளில் வரும் பக்கவாட்டு அழுத்தத்தில் சீக்கிரம் போய்விடும்.

வீல் சிலிண்டரை முழுசாகத் தேடவே வேண்டியதில்லை. உள்ளே ஆயிலை அடைத்துப் பிடிக்கும் ரப்பர் கப், போர் (சிலிண்டரின் உள்விட்டம்) அளவை வைத்துத்தான் விற்கிறது. 3/4, 7/8 அங்குலம் என்று வார்ப்பிலேயே பல சமயம் இருக்கும். உள்ளே குழி விழுந்திருந்தால் குழி மறையும்வரை ஹோன் செய்யாதீர்கள் (உள்சுவரைக் கல்லால் தேய்ப்பது), போர் பெரிதாகி கப் ஒழுகும். லேத்தில் கடைந்து, ஸ்டெயின்லெஸ் அல்லது பித்தளை ஸ்லீவ் (மெல்லிய உள்குழாய்) இறக்கி, பழைய அளவுக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் வரும் துளையை ஸ்லீவ் மூடிவிடும். அதை மறுபடி துளைத்து உள்பக்கப் பிசிறை நன்றாக எடுக்க வேண்டும். பிசிறு இருந்தால் கப்பின் உதடு கிழியும்.

பெட்டி பிரிக்காத பழைய ஸ்டாக் கிடைத்தால் மகிழ்ச்சிதான், ஆனால் ரப்பருக்கு அது பொருந்தாது. பெட்டிக்குள் இருந்தாலும் ரப்பர் இறுகிப்போகும். பழைய பிரேக் ஹோஸைப் போடவே போடாதீர்கள். உள்சுவர் உப்பி அடைத்துக்கொண்டால், மிதிக்கும்போது ஆயில் போகும், விட்டபின் திரும்பாது. சக்கரம் பிடித்துக்கொண்டே நிற்கும்.

மரை விஷயத்திலும் கவனம் வேண்டும். 1950களின் தொடக்கம் பிரிட்டனில் மரை அளவுகள் மாறிக்கொண்டிருந்த காலம், ஒரே வண்டியில் பழைய பி.எஸ்.எஃப்., புதிய யு.என்.எஃப். என்ற இரண்டு வகை மரையும் கலந்திருக்கலாம். 1/4 அங்குல பி.எஸ்.எஃப். போல்ட்டில் அங்குலத்துக்கு 26 மரை, யு.என்.எஃப். போல்ட்டில் 28. ஒன்றை மற்றதன் துளையில் விட்டால் இரண்டு சுற்று ஏறிவிட்டு இறுகும். அங்கே ஸ்பேனரால் அழுத்தினால் மரை போய்விடும். மரையை அளக்கும் பிட்ச் கேஜ் ஒன்று கையில் இருக்கட்டும்.

கைப்பிடிக்கு முன்பணம் இப்போது தராதீர்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்து, பின்புறத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சதுரத் தண்டின் தடிமன், அதன் நீளம், இரண்டு ஸ்குரூ துளைகளின் மைய இடைவெளி மூன்றும் உங்கள் கதவோடு பொருந்த வேண்டும். எந்தப் பக்கத்துக் கைப்பிடி என்றும் கேளுங்கள். கிடைக்கவில்லையென்றால் வார்க்கலாம். ஆனால் பழையதையே அச்சாக வைத்தால் பித்தளை ஆறும்போது சுமார் 1.5 சதவீதம் சுருங்கும். 150 மி.மீ. கைப்பிடியில் 2 மி.மீ.க்கு மேல் குறையும், துளைகள் தப்பிவிடும். ஸ்கேன் செய்து அந்த அளவு பெரிதாக்கி அச்சு எடுங்கள், துளைகளை வார்த்தபிறகு அளந்து போடுங்கள்.

கிரோம் பூசக் கொடுக்குமுன், அது துத்தநாக வார்ப்பா என்று பாருங்கள். காந்தம் ஒட்டாது, பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பியிருக்கும். இரும்பு பம்பரைப் போல அமிலத்தில் போட்டால் அரித்துத் தின்றுவிடும். குழிகளைச் சுரண்டி, செம்பு பூசி நிரப்பித் தேய்த்து, பிறகுதான் நிக்கலும் கிரோமும். துத்தநாகத்தில் வேலை செய்து பழகிய பிளேட்டரிடம் மட்டும் கொடுங்கள்.

பெயிண்டரைக் காத்திருக்கச் சொல்லுங்கள். ஹப், பிரேக், வயரிங் முடிந்து வண்டி ஓடியபிறகு பெயிண்ட். சில் வேலையை மட்டும் முன்பே செய்யலாம். தனிச் சேஸிஸ் இல்லாத வண்டியானால் சில்தான் முதுகெலும்பு. கதவுகள் சரியாக மூடும் நிலையில் வண்டியைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவு இடைவெளிகளை எழுதிவைத்துக்கொண்டு, கதவைக் கழற்றி, திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய் வெல்ட் வைத்தபிறகே அறுக்க வேண்டும். ஒரு சமயம் ஒரு பக்கம் மட்டும். புதிய சில்லைப் புள்ளி வெல்ட்டில் நிறுத்தி, கதவை மாட்டி, மூடிப் பாருங்கள். எழுதிவைத்த இடைவெளி வந்தபிறகு முழு வெல்ட் போடலாம்.