பொரி வல்லூறும் வெள்ளி மாஸும்: கேள்வி பதில்

கேள்வி (கோவை வாசகர்): சார், வல்லூறையும் பாசியையும் ஒப்பிட்டு என்ன ஆகப்போகிறது?

பதில்: நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டுமே கல்லில் குடியிருக்கும் ஜாதி. பொரி வல்லூறு என்ற வேட்டைப் பறவை குச்சி பொறுக்கிக் கூடு கட்டாது. செங்குத்துப் பாறைத் திட்டில் மண்ணைக் கொஞ்சம் பறித்து, அந்தக் குழியில் முட்டையிடும். நீங்கள் பாசி என்று சொன்ன வெள்ளி மாஸ் (moss) ஒரு குட்டிச் செடி; அதுவும் வெயில் காயும் கல்லிலும் வெற்று மண்ணிலும் ஒட்டிக்கொள்வது. நாம் நகரம் கட்டினோம். இரண்டும் அதைப் பாறை என்றே எடுத்துக்கொண்டன. நியூயார்க்கில் பாலத்தின் உச்சியில் வல்லூறு குஞ்சு பொரிக்கிறது, கீழே நடைபாதைச் சிமெண்டு இடுக்கில் வெள்ளி மாஸ்.

கேள்வி (இல்லத்தரசி): மழைக்காலத்தில் மொட்டை மாடியில் வழுக்குகிறதே, அதுவும் மாஸா?

பதில்: விரலால் தடவிப் பாருங்கள் அம்மா. கொழகொழவென்றால் பாசி, கம்பளத் துண்டு போல மெத்தென்றிருந்தால் மாஸ். (சினிமா மாஸ் அல்ல!) பேச்சில் இரண்டையும் பாசி என்றே சொல்லிவிடுகிறோம். வெள்ளி மாஸை லென்ஸில் பார்த்தால், இலைகள் நெருக்கமாக அடுக்கிய குட்டித் தண்டுகள் தெரியும். இலை நுனியில் பச்சையம் கிடையாது; அந்த வெள்ளிப் பளபளப்பு அதனால்தான். காய்ந்து கிடப்பதைச் செத்துவிட்டது என்று நினைக்காதீர்கள். தண்ணீர் தெளியுங்கள், சில நிமிடத்தில் பச்சை கூடும்.

கேள்வி (கல்லூரி மாணவர்): வேகத்தில் மாஸ் பூஜ்ஜியம்தானே?

பதில்: அவசரப்படாதீர்கள் தம்பி. வல்லூறு மேலிருந்து பாய்ந்தால் மணிக்கு 300 கிலோமீட்டரைத் தாண்டும், சரி. ஆனால் சதுப்பில் வளரும் ஸ்ஃபேக்னம் மாஸ் இருக்கிறதே, அதன் வித்துப்பை வெயிலில் சுருங்கச் சுருங்க உள்ளே காற்று அழுந்தி, மூடி படீரென்று தெறிக்கும். வித்துகள் புகை வளையம் போலச் சுழன்று 10 சென்டிமீட்டருக்கு மேல் எழும்பும். கிளம்பும் நொடியில் முடுக்கம் புவியீர்ப்பைப் போல 30,000 மடங்குக்கும் அதிகம். வல்லூறால் அதை நினைத்தும் பார்க்க முடியாது.

கேள்வி (ஆசிரியை): மாசு இரண்டையும் எப்படித் தாக்குகிறது?

பதில்: வல்லூறுக்கு இரை வழியாக. டிடிடி என்ற பூச்சிக்கொல்லி உடம்பில் சேர்ந்து முட்டை ஓடு மெலிந்து, அடைகாக்கும் தாயின் எடையிலேயே நொறுங்கியது. அமெரிக்கா 1972இல் டிடிடியைத் தடை செய்தது. 1999இல்தான் வல்லூறு அங்கே அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீங்கியது. மாஸுக்கு உறிஞ்சும் வேர் இல்லை. மழையையும் தூசியையும் இலையாலேயே வாங்குகிறது. காற்றில் வரும் ஈயமும் அதிலேயே தங்கிவிடும். ஐரோப்பாவில் காட்டு மாஸைப் பறித்துச் சோதித்துத்தான் காற்றில் எவ்வளவு உலோகம் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

கேள்வி: அண்டார்க்டிகாவில்?

பதில்: வெள்ளி மாஸ் உண்டு. வல்லூறு இல்லை.