சாவா மூவாப் பேராடு

வணக்கம் சார்,

எனக்குச் செக்கானூரணி. பதினோரு வருஷமாக ஷார்ஜாவில் வேலை. போன புரட்டாசியில் அம்மா தவறிவிட்டார்கள். கடைசி 23 நாள் மதுரை பெரியாஸ்பத்திரியில் இருந்தார்கள், அண்ணன்தான் கூட இருந்து பார்த்துக்கொண்டார். முதல் திதி வருகிறது. அம்மா பெயரில் 50,000 ரூபாய் ஏதாவது நல்ல காரியத்துக்குக் கொடுக்க நினைக்கிறேன். குழந்தைகள் இல்லம் ஒன்றில் பிரியாணி போட்டுவிடலாம் என்கிறார் அண்ணன். டிரஸ்ட் என்றாலே ஏமாற்று என்கிறாள் என் மனைவி. வாட்ஸ்அப்பில் தினமும் யாராவது ஒரு குழந்தையின் ஆபரேஷனுக்கு உதவி கேட்டுப் படம் வருகிறது. ஒன்றுக்கு அனுப்பினேன். அந்தப் படம் மூன்று வருஷப் பழசு என்று பிறகுதான் தெரிந்தது. நீங்கள் மதுரைக்காரர் என்பதால் கேட்கிறேன், நம்பிக் கொடுக்க ஓர் இடம் சொல்லுங்கள்.

ச., ஷார்ஜா

அன்புள்ள ச.,

அம்மாவுக்கு என் அஞ்சலி.

இடத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. நான் ஒரு பெயரை எழுதி, அடுத்த வருஷம் அங்கே ஏதாவது கோளாறு என்றால் எல்லாரும் என் சட்டையைத்தான் பிடிப்பார்கள். எப்படிக் கொடுப்பது என்பதில் மட்டும் கொஞ்சம் அனுபவம் உண்டு. அதுவும் சொதப்பிக் கற்றதுதான்.

சில வருஷங்களுக்கு முன் மகளின் பிறந்தநாளுக்கு அழகர்கோவில் சாலைப் பக்கம் ஓர் இல்லத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோனோம். ஞாயிற்றுக்கிழமை. வடை பாயசத்தோடு இலைச் சாப்பாடு. பிள்ளைகள் வரிசையாக நின்று ஹேப்பி பர்த்டே பாடினார்கள், நன்றாகப் பழகிய குரலில். ஒரு பையன் பாயசத்தைத் தொடவே இல்லை. ஏன்டா என்றேன். "காலையில ஒரு பர்த்டே வந்துச்சு, கேசரி குடுத்தாங்க. சாயங்காலம் இன்னொண்ணு இருக்கு" என்றான்.

பொறுப்பாளர் அம்மா நோட்டை எடுத்துக் காட்டினார். ஞாயிறுகள் ஆறு மாதத்துக்கு நிரம்பியிருந்தன. தீபாவளிக்கும் ஜனவரி 1க்கும் அடிதடி. செவ்வாய், புதன் எல்லாம் வெள்ளையாகக் கிடந்தன. "விருந்துக்குக் குறையே இல்ல சார். சமையல்காரம்மாவுக்கு ரெண்டு மாசச் சம்பளம் பாக்கி. அதைக் குடுங்கன்னா ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கிறாங்க." நானும் கொடுக்கவில்லை. மகள் பிறந்தநாளுக்குக் கரண்ட் பில் கட்டினேன், சம்பளம் கொடுத்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கும் அப்போது மனசு வரவில்லை.

நம் ஆட்கள் இந்த விஷயத்தில் ஒரு காலத்தில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க நினைத்தவர் எண்ணெய்க் குடத்தைக் கொண்டுபோய் வைக்கவில்லை, ஆடு கொடுத்தார். சோழர் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 90 ஆடு, 96 ஆடு என்று வரும். ஆட்டை ஓட்டிக்கொண்டு போகும் மன்றாடி, அதாவது இடையர், அதற்குப் பதிலாக நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தால் குட்டி அந்தக் கணக்கை நிரப்பும். அதனால் அதற்குப் பெயர் சாவா மூவாப் பேராடு. சாகாது, கிழடும் ஆகாது. கொடுத்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் விளக்கு எரியும்.

உங்கள் 50,000 ரூபாயை டெபாசிட்டில் போட்டு வட்டியில் தர்மம் பண்ணச் சொல்லவில்லை. ஏழு சதவீத வட்டி என்றாலும் மாதம் முந்நூறு ரூபாய்கூடத் தேறாது. மாதம் 4,000 வீதம் பன்னிரண்டு மாதம் கொடுங்கள், 48,000. வங்கியில் சொல்லிவைத்தால் தேதி தவறாமல் போய்விடும். கோயிலில் இதைக் கட்டளை என்போம், வங்கியில் ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்கிறார்கள். மாதாமாதம் வரும் என்று தெரிந்த 4,000 இருந்தால்தான் ஒரு இல்லம் சமையல்காரம்மாவைத் தைரியமாக வேலைக்கு வைக்க முடியும். மொத்தமாக வரும் பணம் பெரும்பாலும் பிரியாணி ஆகிவிடும்.

சரி, எதற்குக் கொடுப்பது?

பள்ளிப் பிள்ளைகளின் பசியை இங்கே பெருமளவு அரசாங்கமே பார்த்துக்கொள்கிறது. காலை உணவுத் திட்டமே 2022 செப்டம்பர் 15 அன்று நம் மதுரை ஆதிமூலம் மாநகராட்சிப் பள்ளியில்தான் தொடங்கியது. மறு வருஷம் தமிழகம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. மதியம் சத்துணவு எப்போதிருந்தோ இருக்கிறது. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளிலும் பலருக்கு அம்மாவோ அப்பத்தாவோ உண்டு, வளர்க்க வசதிதான் இல்லை. அப்படிப்பட்ட பிள்ளை சொந்த வீட்டிலேயே வளர ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் உதவி இருக்கிறது. அதற்கு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனு கொடுக்க வேண்டும். ஒரு அப்பத்தாவுக்கு மனு எழுதிக் கொடுத்து இரண்டு மூன்று முறை அலைய உங்கள் ஊரில் ஒருவர் கிடைத்தால் அது உங்கள் 50,000ஐவிடப் பெரிய உதவி.

ஆபரேஷன் படங்களுக்கு வருகிறேன். முதலில் கேட்க வேண்டியது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை அதில் சிகிச்சை உண்டு. எல்லா நோய்க்கும் அது போதாதுதான். ஆனால் அட்டையைப் பற்றியே பேசாமல் கூகுள் பே எண்ணை மட்டும் தரும் படத்தை நகர்த்திவிடலாம்.

இலவச வைத்தியத்திலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு மதுரை அண்ணாநகரில் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதை வெகு சீக்கிரம் கண்டுகொண்டது. ஆபரேஷன் இலவசம் என்று சொல்லியும் கிராமத்துக் கிழவிகள் வரவில்லை. பஸ்ஸுக்குக் காசு வேண்டும், சாப்பாடு வேண்டும், கூட வருகிறவருக்கு அன்றைய கூலி போகும். அப்புறம் ஊர்களில் கண் முகாம் நடத்தி, அங்கிருந்தே பஸ்ஸில் ஏற்றி, சோறு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விட ஆரம்பித்தார்கள். ஆபரேஷன் செலவைக் காசு கட்டும் நோயாளிகளின் பணத்திலிருந்து அவர்களே சமாளித்தார்கள். முகாம் செலவை ஊர்ப் பிரமுகர்களும் லயன்ஸ் சங்கம் போன்றவர்களும் ஏற்றுக்கொண்டார்கள்.

காசநோய்க்கும் இதே கதைதான். மாத்திரை அரசாங்கம் தரும். முட்டையும் பருப்பும் வீட்டில் இருக்க வேண்டுமே. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், நோயாளியின் குடும்பத்துக்கு மாதாமாதம் உணவுப் பை கொடுத்ததில் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்தது. நிக்‌ஷய் மித்ரா என்ற அரசின் காசநோய் உதவித் திட்டத்தில் பதிந்துகொண்டால் நீங்களே ஒரு நோயாளிக்கு ஆறு மாதம் பை கொடுக்கலாம். தோப்பூர் நெஞ்சக மருத்துவமனை உங்கள் ஊரிலிருந்து அப்படி ஒன்றும் தூரமில்லை.

உங்கள் வீட்டம்மா சொல்வதை நான் தள்ளவில்லை. 2021இல் இதே மதுரையில் ஒரு காப்பகத்தில் குழந்தைகளை விற்றுவிட்டுக் கொரோனாவில் இறந்ததாகக் கணக்குக் காட்டியதாக வழக்கு வந்தது. ஆகவே அண்ணனை ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, சொல்லாமல் போகச் சொல்லுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்கான இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் மாட்டியிருக்கிறதா, அடுப்பு எரிகிறதா, கணக்கு நோட்டைத் தயங்காமல் நீட்டுகிறார்களா, இந்த மூன்று போதும். பிள்ளைகளை நிற்கவைத்துப் படம் எடுத்துப் போடச் சொல்கிற இடமென்றால் திரும்பி வந்துவிடட்டும். அவர்களை அடையாளம் காட்டும் படத்தை வெளியிடுவது அந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவுப்படி குற்றம். (நாங்கள் அன்று எடுத்த படத்தை நான் பிறகுதான் அழித்தேன்.)

உங்களிடம் இந்திய பாஸ்போர்ட் இருந்து, சொந்தச் சம்பளத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது. அம்மா பெரியாஸ்பத்திரியில் 23 நாள் இருந்தார்கள், அண்ணன் கூட இருந்தார் என்கிறீர்கள். அரசு ஆஸ்பத்திரியில் நோயாளிக்குச் சோறு, பால், ரொட்டி எல்லாம் வந்துவிடும். கூட இருக்கிறவருக்கு எதுவும் கிடையாது. வார்டை விட்டுத் தூரமாகவும் போக முடியாது. டாக்டர் எப்போது கூப்பிடுவார் என்று தெரியாது, மருந்துச் சீட்டு எப்போது வரும் என்றும் தெரியாது. கையிலிருக்கும் காசு ஒரு வாரத்தில் கரைந்துவிடும். மதிய நேரத்தில் ஆஸ்பத்திரி வாசலில் யாராவது சாம்பார் சாதம் கொடுத்தால் நிற்கும் வரிசையில் பாதிப் பேர் இப்படி வேட்டியை மடித்துக் கட்டிய மகன்களும், தூக்குவாளியோடு வந்த மருமகள்களும்தான்.

அண்ணனுக்கு இன்றைக்கே போன் பண்ணுங்கள். அந்த 23 நாளும் எங்கே சாப்பிட்டார் என்று கேளுங்கள். நான் பெயர் சொல்ல மறுத்த இடம் அவருக்குத் தெரிந்திருக்கலாம்.