மகளுக்கு மெயின்ஃபிரேம் வேலை: விட்டுவிடலாமா?

கேள்வி: நாங்கள் கொழிஞ்சாம்பாறை. தினமும் வேலந்தாவளம் தாண்டிப் போய் கோவையில் பொறியியல் முடித்த மகளுக்கு கேம்பஸில் வேலை கிடைத்தது. கம்பெனி அவளை மெயின்ஃபிரேம் பிரிவில் போட்டிருக்கிறது. 'அது செத்துப்போன டெக்னாலஜி' என்கிறார்கள். எழுபதாயிரம் கட்டினால் இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கொடுத்து வேறு துறைக்கு மாற்றிவிடுவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். வேலையையும் விட வேண்டாம்.

மெயின்ஃபிரேம் என்பது பெரிய நிறுவனங்களின் கணக்கு வழக்கை ஓட்டும் பெரிய கம்ப்யூட்டர். ஐபிஎம் கம்பெனி 1964-ல் அறிவித்த சிஸ்டம்/360 என்ற மெயின்ஃபிரேமின் வாரிசான இசட்17, 2025-ல்தான் வந்தது. செத்த டெக்னாலஜிக்கு யாரும் புது மெஷின் செய்வதில்லை. அமெரிக்க, ஐரோப்பிய வங்கிகளும் இன்சூரன்ஸ் கம்பெனிகளும் அன்றாடப் பரிவர்த்தனையையும் ராத்திரிக் கணக்கு முடிப்பையும் இன்னும் இதில்தான் ஓட்டுகின்றன. ஒரு பாகம் பழுதானாலும் வேலை நிற்காத மாதிரி கட்டிய மெஷின் அது. நம் ஊர் வங்கிகளை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். வேலை வெளிநாட்டிலிருந்து வருகிறது.

ஆள்தான் இல்லை. 2020 ஏப்ரலில் வேலையிழந்தோரின் உதவித்தொகை மனுக்கள் குவிந்தபோது, மெயின்ஃபிரேமில் புரோகிராம் எழுதும் பழைய மொழியான கோபோல் தெரிந்தவர்கள் உதவிக்கு வாருங்கள் என்று அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநரே கேட்டார். நம் கல்லூரிகளோ சிலபஸை மாற்றிக்கொண்டே இருக்கின்றன, இதற்கு ஒரு செமஸ்டர் ஒதுக்க மட்டும் பெரும்பாலானவற்றுக்கு மனம் வருவதில்லை. பிள்ளைகள் பெயர்கூடக் கேள்விப்படாமல் வந்து மிரளுகிறார்கள். அந்தப் பயத்தை வைத்துத்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள்.

அந்தச் சான்றிதழ் போலி. ஆளெடுக்கும் கம்பெனி பிஎஃப் விவரத்தைப் பார்த்தால், எந்த முதலாளி எந்த மாதம்வரை பணம் கட்டினார் என்பது யுஏஎன் என்ற பிஎஃப் கணக்கு எண்ணிலேயே தெரிந்துவிடும். சேர்ந்த பிறகு மாட்டினாலும் வெளியே அனுப்புவார்கள். அதன்பின் இன்னொரு கம்பெனியில் நுழைவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த மையம் உங்களுக்குச் சொல்லாது. பழகிப் பார்க்க 'மெயின்ஃபிரேம் ஐடி' தருகிறோம் என்று மாத வாடகை கேட்பவர்களும் உண்டு. ஐபிஎம்மே இசட் எக்ஸ்ப்ளோர் என்ற பெயரில் நிஜ மெஷினில் இலவசமாகப் பழக விடுகிறது.

மகள் ஒன்றை மட்டும் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்: டெவலப்மென்ட்டா, மானிட்டரிங்கா? மானிட்டரிங் என்றால் ராத்திரி ஷிஃப்டில் ஜாப்கள் (மெஷினில் வரிசையாக ஓடும் வேலைகள்) ஓடுவதைப் பார்த்து, ஏதாவது அபெண்ட் ஆனால், அதாவது பாதியில் நின்றுபோனால், பொறுப்பானவரைப் போன் போட்டு எழுப்புவது. ஆறு மாதம் இருந்தால் நல்லதுதான், எந்த ஜாபுக்குப் பின் எது ஓடுகிறது என்பது மனதில் பதியும். இரண்டு வருடம் அதிலேயே இருந்தால் கற்ற கோபோலும் மறந்துவிடும். அதனால் ஜாப் அபெண்ட் ஆனால் ஆளை எழுப்பிவிட்டதோடு விடாமல், காரணத்தைத் தானே தேடிப் பார்க்கட்டும். ஆறாம் மாதமே மேனேஜரிடம் மாற்றம் கேட்கட்டும், வாயால் அல்ல, மெயிலில்.

அப்புறம், அந்த மையத்தில் மகளின் அசல் மார்க் ஷீட்டுகளைக் கொடுத்திருந்தால் நாளைக்கே போய் வாங்கிவிடுங்கள்.