சோரியாசிஸ் எத்தனை பேருக்கு இருக்கிறது? – கேள்வி பதில்

கேள்வி: இந்தியாவில் நூற்றுக்கு எத்தனை பேருக்குச் சோரியாசிஸ் என்னும் தோல்நோய் இருக்கிறது, ஐயா?

பதில்: வயது வந்தோரில் 0.44 முதல் 2.8 விழுக்காடு வரை என்று பெரும்பாலும் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் இதற்கு அடிப்படையான ஆய்வுகளில் பல மருத்துவமனைகளில் நடந்தவை. தோல் பிரிவுக்கு வந்த ஆயிரம் பேரில் இருபது பேருக்கு இந்நோய் இருந்தால், அது அங்கே வந்தவர்களில் 2 விழுக்காடே தவிர, நாட்டு மக்களில் 2 விழுக்காடு ஆகாது. தோல் நலமாக இருப்பவர் அங்கே வருவதில்லை. முழங்கையில் சிவந்து தடித்த திட்டும் அதன்மேல் வெள்ளிநிறச் செதிலும் இருந்தும், வெறும் வறட்சி என்றெண்ணி எண்ணெய் தடவிக்கொள்பவரும் வருவதில்லை. முன்னவர் விடுபடுவதால் விழுக்காடு கூடுகிறது, பின்னவர் விடுபடுவதால் குறைகிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்று நம்பக் காரணமில்லை.

கேள்வி: இது தொற்றுமா?

பதில்: தொற்றாது.

கேள்வி: நார்வேயின் ட்ரோம்சோ நகரில் நடந்த ஆய்வில் 1979-80இல் 4.8 விழுக்காடாக இருந்தது 2007-08இல் 11.4 ஆகியிருக்கிறது. நோய் பெருகுகிறது என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

பதில்: அந்த விழுக்காடு, வாழ்நாளில் எப்போதாவது இந்நோய் இருந்ததா என்ற கேள்விக்கு மக்கள் தாமே சொன்ன விடையிலிருந்து வந்தது, மருத்துவர் தோலைப் பார்த்துச் சொன்னதன்று. நோயின் பெயர் பரவலாகத் தெரியவந்தால், நோய் பெருகாமலே 'ஆம்' என்பவர்கள் பெருகுவார்கள்.

கேள்வி: மேலே உள்ள பதிலை ஏற்க முடியவில்லை. அப்படியானால் அந்த ஆய்வே வீணா?

பதில்: வீண் என்று நான் சொல்லவில்லை. மருத்துவமனை வாசலில் நில்லாமல் பொதுமக்களிடம் கேட்டதும், ஒரே ஊரில் பல ஆண்டுகள் தொடர்ந்து கேட்டதும் அதன் பெரும் வலிமை. உயர்வில் ஒரு பகுதி மெய்யாகவே இருக்கலாம். அமெரிக்காவில் 2011-14 கணக்கெடுப்பு, மருத்துவர் இந்நோய் என்று சொன்னதுண்டா என்று கேட்டு, 20 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 3 விழுக்காடு என்று கண்டது. கேள்வியே வேறாக இருக்க, 11.4ஐயும் 3ஐயும் அருகருகே வைத்து நாடுகளை வரிசைப்படுத்துவதைத்தான் நான் மறுக்கிறேன்.

கேள்வி: எங்கள் மருத்துவமனையில் 4 விழுக்காடு. நாட்டளவில் எத்தனை கோடி வரும்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். இந்தப் பெருக்கலைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

கேள்வி: என் தலையில் செதில் உதிர்கிறது. இதுவும் அதுதானா?

பதில்: எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது, தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் மூட்டுகள் விறைத்து வலிக்கின்றன என்றால் அதையும் மறக்காமல் சொல்லுங்கள். இந்நோயுடன் மூட்டழற்சியும் வரக்கூடும், அதைக் காலந்தாழ்த்தினால் மூட்டு நிரந்தரமாகச் சிதைந்துவிடலாம்.